அப்பன் கோபுரம், மகன் கோபுரம்

பெரம்பலூரில் என் வீட்டை ஒட்டிய மனையில் இரண்டு மாடி வீடு கட்டப்போவதாக மகன் சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்கு மாடியே கிடையாது. அப்பன் வீட்டைவிட மகன் வீடு உயரக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். அதை மீறிய கிரகப்பிரவேசங்களில் அப்பன்மார் சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறார்கள்.

சாட்சிக்கு அவனைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கே அழைத்துப் போனேன். நாலு புத்தகம் படித்த திமிரோடு கோயில் புல்தரையில் நின்று ஆரம்பித்தேன்.

“கங்கை வரைக்கும் படையனுப்பி ஜெயிச்ச ராஜா கட்டுனது இது. ஆனாலும் தஞ்சாவூர்ல அவங்க அப்பா கட்டுன கோபுரத்தைவிட உயரம் கம்மி. ஏன்? அப்பனுக்கு மரியாதை.”

மகன் அண்ணாந்து பார்த்தான். “சரிப்பா, கோபுரத்தைக் கொறைச்சிட்டாரு. ஆனா தலைநகரத்தையே தஞ்சாவூர்லேருந்து இங்க மாத்திட்டாருல்ல? நானும் மாடி கட்டல. வீட்டைச் சென்னையில கட்டிக்கிறேன். சம்மதமா?”

எனக்கு அந்த அரசன் மேலேயே ஆத்திரம் வந்தது. அப்பன் ஊரை விட்டுவிட்டுப் போனவன், கோபுரத்தைக் கொஞ்சம் குறைத்தால் மரியாதையாகிவிடுமா? இத்தனை வருடம் இதைப் பணிவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேனே என்று ஜெயங்கொண்டம் வரை பொருமினேன்.

அரியலூரில் பஸ் மாறும்போது மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

“ரெண்டு மாடிக்கே அஸ்திவாரம் போடுங்க. தெருவுல யாராச்சும் கேட்டா, அப்பங்காரரு இன்னும் ஒத்துக்கலைன்னு சொல்லுங்க.”