பெட்டிமேல் போட்ட வேகம்

அஞ்சு கோடு

“அஞ்சு கோடு நிக்குது, படம் மட்டும் சுத்திக்கினே கீது. இன்னாபா இது?” என்று பென்ஷன்காரர் ஒருவர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மொபைல் கடையில் வேலை பார்ப்பவன் டவருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியவன். கவுன்டருக்கு உள்பக்கம் நின்றவர்களுக்கு இது தெரியும்.

கோடு, டவரின் சத்தம் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைச் சொல்லும். போன் எவ்வளவு வேகத்தில் வாங்கும் என்பது வேறு. அதற்குக் கேட்டகரி என்று ஓர் எண் உண்டு. நாலாம் கேட்டகரி ஒரு குழாயில் பிடிக்கும், ஆறாம் கேட்டகரி ஒரே நேரத்தில் இரண்டு குழாயில் பிடிக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எங்க லைன் வீட்டாண்ட ஒரு குழாய்லயே தண்ணி வர்ல. நீ ரெண்டுன்றியே.”

பெரிய எண்

பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய்வரும் ஓர் இளைஞர் போனின் நிறத்தைக்கூடப் பார்க்கவில்லை. “இருக்கறதுலயே பெரிய கேட்டகரி குடுங்கண்ணா” என்றார். வீடு சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில். அங்கிருக்கும் டவர் அந்த வேகத்தைத் தராது என்றேன், விற்கிறவன் சொல்லக்கூடாததுதான்.

“பர்வாகில்லண்ணா. டவர் ஒருநாள் முன்னுக்கு வராமலா பூடும்?”

ஏறுவதும் இறங்குவதும்

பக்கத்து ஊரிகத்துக் கலா, வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். வீடியோ மீட்டிங்கில் இரண்டு முறை பாதியில் காணாமல் போய்விட்டார். இன்னொரு முறை காணாமல் போனால் தினமும் ஆபீசுக்கே வரவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கைக்குழந்தையை விட்டு விடியற்காலை ரயிலைப் பிடிக்க முடியாது. வேலையைத்தான் விடவேண்டும். வீட்டிலிருப்பது சிம் போடுகிற நாலாம் கேட்டகரி ரூட்டர். ஆறு வாங்க வந்திருந்தார்.

பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது இறங்கும் வேகம். கலாவின் முகமும் குரலும் வெளியே போகவேண்டும். அது ஏறும் வேகம். நாலுக்கும் ஆறுக்கும் அதில் வித்தியாசமே கிடையாது.

“ரூட்டர எங்கம்மா வெச்சிருக்கீங்க?”

“பீரோவுக்குள்ளண்ணா. கொழந்த புடிச்சி இழுக்குது.”

இரும்பு பீரோ, டவரின் சத்தம் அதற்குள் சரியாகப் புகாது. வெளியே எடுத்துச் சன்னல் கம்பியில் உயரமாகக் கட்டிவிடுங்கள் என்று வெறுங்கையோடு அனுப்பினேன். முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார்:

“விக்கறதுக்குன்னு ஆள் வெச்சா, விக்காம இருக்கறதுக்குக் காரணம் கண்டுபுடிக்கிறான் பாரு!”

மூன்றாவது மீட்டிங்

சொல்லிவிட்டேனே தவிர, பயம். மறுநாள் கடை திறக்குமுன் கலா வீட்டுக்குப் போனேன். ரூட்டர் ஒரு துணிப்பையில் சன்னலில் தொங்கியது. ஒயர் எட்டாமல் பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். கலா பேசப் பேச, எப்போது வட்டம் சுற்றுமோ என்று திரையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றவில்லை.

“கலா, இன்னிக்கு நல்லாத் தெரியறீங்களே. புதுசு வாங்கிட்டீங்களா?” என்றது மேனேஜர் குரல்.

“ஆமா சார்” என்றார் கலா, கண்ணிமைக்காமல்.

பெட்டிமேல் எல்லா எண்ணையும் போடுகிறார்கள், பீரோவுக்குள் வைக்காதே என்று மட்டும் எவனும் போடுவதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த கலாவின் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல், எக்ஸ்டென்ஷனில் லூசாக இருந்த ரூட்டர் பிளக்கை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி, மீட்டிங் முடியும்வரை குனிந்தே நின்றார்.