இரண்டு கிலோ

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் பெயின்ட் ஓவன் பக்கம் வேலை என்றாலே சூட்டுக்குப் பயந்து நாங்கள் நழுவுவோம். எங்களோடு வேலை பார்த்த கபடிக்கார அண்ணன் ஒருவர் மட்டும் கேட்டு வாங்கி, நன்றாக வியர்க்கட்டும் என்று ரெயின்கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார். ஞாயிறன்று மண்ணூரில் அறுபது கிலோவுக்கு மேல் போகாதவர்களுக்கான கபடிப் போட்டி. எடை குறைய இரண்டு நாளாகத் தண்ணீர் தொடவில்லை. மணிக்கொரு தடவை நான் பார்சல் எடைபோடும் தராசில் வந்து ஏறுவார்.

“ஒரு வாய் குடிண்ணா,” என்பேன்.

“இன்னும் முக்கா கிலோ கீதுப்பா. எறங்கட்டும்.”

மைதானத்துத் தராசு ஐம்பத்தெட்டு காட்டியது. என் தராசுதான் இரண்டு கிலோ கூட்டிக் காட்டியிருக்கிறது. இரண்டு மடக்குக் குடிப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. கபடி பாடிக்கொண்டு போனவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு, பாட்டு நின்றது. யாரும் தொடாமலே அவுட்.

பாட்டிலை நீட்டினேன்.

“இப்ப இன்னாத்துக்குப்பா?” என்றார்.

கம்பெனியில் என் தராசைச் சரிசெய்துவிட்டார்கள். எதை நிறுத்தாலும் நான் இன்னும் மனசுக்குள் இரண்டு கிலோ கழித்துக்கொண்டிருக்கிறேன்.