நரிக்கு எந்தத் துவக்கு

எங்கள் வீட்டில் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கும் பேச்சைத் தொடக்கி வைத்தவை கோழிகள். டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற ஊரின் ஓரத்தில், பின்பக்கம் முழுக்க வயலைப் பார்த்தபடி இருக்கிறது எங்கள் வீடு. நான் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். மனைவி ஆசைப்பட்டுக் கொஞ்சம் கோழி வளர்த்தாள். நரி வந்தது. கம்பிவலை அடித்தோம், வலைக்குக் கீழே தோண்டிக்கொண்டு வந்தது. கல் புதைத்தோம், கல்லைச் சுற்றி வந்தது. ஒவ்வொரு கோழி போகும்போதும் மனைவி என்னைத்தான் பார்த்தாள், ஏதோ நரிக்குக் கதவு திறந்துவிட்டவன் நான் என்பதுபோல.

மகள் அந்த வருடம் ஜிம்னேசியம் என்ற உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, படிப்பைத் தொடராமல் ஒரு வருடம் வேலை செய்யப்போவதாக அறிவித்திருந்தாள். டெனிஷ்காரருக்கு அது சாதாரணம். எங்களுக்கோ வீட்டில் ஒருவருக்குப் பெரிய வருத்தம், நோய் வந்த மாதிரி. உறவுக்காரர் தொலைபேசியில் கேட்டால் "கொஞ்சம் ஓய்வு எடுக்கிறா" என்று மனைவி குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள். ஓய்வெடுத்த பிள்ளை ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கியது, சிநேகிதி ஒருத்தியோடு சேர்ந்து வேட்டை அனுமதிக்கான வகுப்புக்குப் போனது, சோதனையிலும் பாஸாகி வந்தது. எங்களுக்குப் பின்னால் வயல் வைத்திருக்கும் விவசாயி தன் நிலத்தில் நரி சுட அவளுக்குச் சம்மதமும் கொடுத்துவிட்டார். துவக்கு ஒன்றுதான் பாக்கி.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்குத் துவக்குச் சத்தம் ஆகாது. யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் பலருக்குக் காதிலேயே ஒரு கணக்கு இருக்கும். சத்தத்தைக் கேட்டால் எந்தத் துவக்கு, எவ்வளவு தூரம், எங்களை நோக்கியா மற்றப் பக்கமா என்று சொல்லிவிடுவோம். டென்மார்க்குக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்தக் கணக்கு அழியவில்லை. வருடக் கடைசி நாளில் இந்த நாடு முழுக்க வெடி கொளுத்தும். பின்னேரமே தொடங்கிவிடுவார்கள். நான் குளியலறைக்குள் போய் ரேடியோவை உரக்கப் போட்டுக்கொண்டு இருப்பேன். மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது தானும் வந்து பக்கத்தில் இருப்பாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கேட்டதற்கு, "புதுவருடத்துக்கு நாங்கள் வடை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் இருப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதைத் தமிழரின் வழக்கம் என்றே நெடுநாள் நினைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் துவக்கு வரப்போகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிப்பும் இல்லாமல், எங்களோடு பேச்சும் குறைந்துபோய் இருந்த பிள்ளை இந்த ஒரு விஷயத்தில்தான் முகம் மலர்ந்து கதைத்தாள். அதையும் நான் மறித்தால் அவள் வீட்டைவிட்டே போய்விடுவாள் என்று பயந்தேன். உண்மையாகவே பயந்தேன்.

சாப்பாட்டு மேசை முழுக்க ரவைக் கதைதான்; தின்னும் ரவை இல்லை, துவக்குக்குப் போடும் தோட்டா. இணையத்தில் அமெரிக்காக்காரர் கொயோட்டியைச் சுட எது நல்லது என்று பக்கம் பக்கமாகச் சண்டை பிடிப்பார்களாம். கொயோட்டி என்பது ஓநாய்க்குத் தம்பி முறை. அவள் அதையெல்லாம் வாசித்து, எங்கள் நரி அதில் பாதிதான் இருக்கும் என்று கழித்துக் கணக்குப் போடுவாள். 223 என்ற அளவு ரவை நேராகப் போகும், தோளில் உதைக்காது. 222 அதற்கு மூத்தது, இந்த நாட்டுக்காரருக்குப் பழகினது, நரிக்கும் போதும், சிறு மானுக்கும் சட்டப்படி செல்லும். இதைச் சொல்லும்போது அவள் கண் மின்னும். மே மாதத்து விடியலில் கிடா மானுக்குக் காத்திருப்பதைப் பற்றி அவளுடைய சிநேகிதி சொல்லிச் சொல்லி, இவளுக்கும் அந்த ஆசை பிடித்துவிட்டது. அறைச் சுவரில் ஒரு மானின் படமும் ஏறியிருந்தது.

மனைவிக்கு நரியைத் தவிர வேறு எதிரி இல்லை. "வாங்கிறதெண்டால் பெரிசா வாங்குங்கோ. பிறகு பத்தேல்லை எண்டு திரும்பத் திரும்ப வாங்கேலாது" என்றாள். மகளுக்குச் சப்பாத்து, ஜாக்கெட், சைக்கிள் எல்லாவற்றையும் இரண்டு அளவு கூட்டி வாங்கியவள். சோறு அவிக்கும் பாத்திரம்கூட ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம் போலத்தான் இருக்கும். நானும் துவக்குக் கடையில் அதையே சொன்னேன்.

"308 எப்படி? அது பெரிதாமே, வளர்ந்த பிறகும் உதவும்."

கடைக்காரர், ஓய்வுபெறும் வயது, நல்ல மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உதவும். ஆனால் நரியில் மிச்சம் ஒன்றும் இருக்காது. தோல் கந்தலாகிவிடும்" என்றார். மகள் வெட்கத்தில் சிவந்துபோனாள். டெனிஷில் என்னிடம், "அப்பா, இது ஜாக்கெட் இல்லை" என்றாள். சனிக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் சுடு களத்துக்கு வாருங்கள், நான்கைந்தைச் சுட்டுக் காட்டுகிறேன் என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை நல்ல வெயில். களத்தில் அவர் காதை மூடும் கவசத்தை நீட்டினார். மகள் என் கையில் இருந்து அதை வாங்கிக்கொண்டு, "நாங்கள் தூரத்தில், கார் நிற்கிற இடத்தில் நிற்கிறோம். வீட்டுக் குசினிக்குள் எப்படிக் கேட்கும் என்று பார்க்கவேண்டும்" என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. துவக்கு வாங்குபவள் துவக்குக்குப் பக்கத்தில் அல்லவா நிற்கவேண்டும்?

308 முதலில். கையில் இருந்த கோப்பி சட்டையில் சிந்தியது. அடுத்தது 223. அதன் முனையில் சத்தம் குறைக்கும் குழாய் பூட்டியிருந்தார். ஆனாலும் ரவை காற்றைக் கிழிக்கும் அந்த மெல்லிய வெடிப்பை எந்தக் குழாயும் மறைக்காது. அது எனக்குத் தெரிந்த சத்தம். இராணுவத் துவக்குகளில் போடும் ரவைக்கு அது கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை. முதுகு தானாகக் குனிந்தது. நிமிர்ந்துகொண்டு, "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்றேன். 222 அதற்கு அக்கா. அதற்கும் நல்லாத்தான் இருக்கு என்றேன். முகத்தில் சிரிப்பு இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு கடைக்காரர் வேறொன்றை எடுத்தார். அதற்கிடையில் நான் மகளிடம் எங்கள் கண்ணாடிக் கூடாரத்துத் தக்காளிச் செடியைப் பற்றிப் புறுபுறுக்கத் தொடங்கியிருந்தேன். அம்மா தண்ணீர் கூட ஊற்றுகிறா, அடி அழுகுது, சொன்னால் கேட்கிறாவே... "டக்" என்று ஒரு சத்தம், யாரோ கார் டிக்கியைச் சாத்தினதுபோல. நான் செடிக்கு எந்தப் பசளை போடலாம் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். களத்தை அவள் பார்க்கவே இல்லை. இவ்வளவு நேரமும் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அதுதான்" என்று டெனிஷில் கத்திச் சொன்னாள் கடைக்காரருக்கு.

அது ஹோர்னெட் என்ற சின்ன ரவை. ஹோர்னெட் என்றால் குளவி. பெயருக்குத்தான் குளவி, மற்றவற்றோடு பார்த்தால் அதற்குச் சத்தமும் குறைவு, தூரமும் குறைவு. கடைக்காரர் அருகில் வந்து நிதானமாகச் சொன்னார்: நரிக்குக் கிட்டத்தில் என்றால் நல்லது, தோலும் கெடாது, ஆனால் இதால் மான் சுடச் சட்டம் விடாது. யோசித்து எடு.

"எனக்கு மான் வேண்டாம்" என்றாள்.

காரில் வரும்போது, "222ஐ எடு பிள்ளை. எனக்குப் பழகிடும்" என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தபடி, தன் உடைந்த தமிழில், "கோழியைப் பிடிக்கிறது நரிதானே அப்பா? மான் இல்லையே?" என்றாள். குளவித் துவக்கு வீட்டுக்கு வந்து சில நாளில் பார்த்தால் சுவரில் மான் படம் இல்லை. மனைவி மட்டும், "இவ்வளவு தூரம் போய் இருக்கிறதுக்குள்ள சின்னனை வாங்கிக்கொண்டு வந்திருக்கினம்" என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தாள்.

அந்த இலையுதிர்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. வயலின் விளிம்பில் விவசாயி கட்டி வைத்த மரப்பரண் ஒன்று இருந்தது. வேலை முடிந்து வந்து, கருக்கல் நேரத்தில் இருவரும் அதில் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். பிளாஸ்கில் இஞ்சித் தேநீர், பையில் மனைவி பொரித்த ரோல்ஸ். அவள் வாயில் விரல் வைப்பாள், நான் ஒரு நிமிடம் பொறுப்பேன், பிறகு மெதுவாகத் தொடங்குவேன். நரி வராததற்கு ரோல்ஸின் மணமும் என் வாயும்தான் காரணம் என்பாள். வீட்டுக்குள் இரண்டு வருடமாகக் கதைக்காததை எல்லாம் அந்தப் பரணில் கிசுகிசுத்தோம். பண்டகசாலையில் தன்னை நக்கல் அடிப்பவன் யார், என்ன படிக்க விருப்பம், ஏன் பயம் என்று அவள் டெனிஷில் சொல்லுவாள். நான் தமிழில் கேட்பேன். குளிரில் இருவருக்கும் மூக்கு ஒழுகும்.

நரி ஒருநாள் வந்தது. நான் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் விரலை உயர்த்தினாள். "டக்." ஒரே வெடி. நான் ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் ஒரு துளியும் சிந்தவில்லை. அவள் முதலில் பார்த்தது நரியை அல்ல, கோப்பையை.

அடுத்த வருடம் அவள் படிக்கப் போனாள். துவக்கும் அதற்கான இரும்பு அலுமாரியும் பிறகு அவளோடு போயின. இப்போது ஹோர்சன்ஸ் நகரில் வேலை. கோழிகளும் இல்லை, மனைவிக்கு முழங்கால் வருத்தம். பரண் இன்னும் நிற்கிறது, சாய்ந்துபோய். நான் நடக்கப் போகும்போது அதற்குக் கீழே சும்மா கொஞ்சம் நிற்பேன்.

இந்த வசந்தத்தில் மகள் தொலைபேசி எடுத்தாள். வேலையிடத்து ஆட்கள் மே மாத மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்களாம். பெரிய துவக்கு ஒன்று வாங்கவேண்டுமாம். சொல்லிவிட்டு, "உங்களிட்டக் கேட்டுட்டு வாங்குவம் எண்டு..." என்று இழுத்தாள்.

"அதே களத்துக்கு வா" என்றேன்.

கடைக்காரர் இப்போது இன்னும் வயதாகி, ஆனால் அதே மனிதர். துவக்குகளோடு வந்து காத்திருந்தார். மகள் 308ஐக் கையில் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் மனைவியும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். நான் கார்க் கதவை இறுகப் பிடித்துவிட்டேன், வெடி இன்னும் கேட்கவே இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது.

"வேண்டாம் அப்பா. சின்னதே போதும்" என்றாள்.

"உனக்கு மான் வேணுமெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றேன். கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பி, தக்காளிக்கு அவள் ஊற்றும் தண்ணீரைப் பற்றித் தொடங்கினேன். பிறகு மகளுக்குச் சொன்னேன்.

"நீ போய்ச் சுடு பிள்ளை. நான் கதைச்சுக்கொண்டு நிக்கிறன்."