இரண்டு போர்டு, இரண்டு ஆள்

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் டெலிபோன் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸ் மூலையில் பத்து லைன் சுவிட்ச்போர்டு. எந்த டிவிஷனிலாவது டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் என் போர்டில் ஒரு சின்ன மூடி விழும். பிளக்கைச் செருகி, யார் வேண்டுமென்று கேட்டு, இணைத்துவிடுவேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். போர்டும் நானும் ஓடவில்லை.

பக்கத்துத் தோட்டங்களையும் எங்கள் ஆபீசே பார்க்க வேண்டுமென்று உத்தரவு வந்தது. பத்து லைன் போதாது. மெர்போக்கில் பூட்டிக் கிடந்த ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு போர்டை லாரியில் கொண்டுவந்து என் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதுவும் பத்து லைன். பத்தும் பத்தும் இருபது, அவ்வளவுதான் புதிதாக வந்த ஜப்பான் துரைக்கு.

தலைவலி எனக்குத்தான். அது வேறு கம்பெனி போர்டு. அதன் பிளக் என் போர்டின் துளைக்குள் நுழையாது. என் பிளக் அதன் துளைக்குள் தொளதொளவென்று ஆடும். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேச மறுத்தன.

அரைநாளில் வழி தெரிந்துவிட்டது. இந்தப் போர்டின் பத்தாவது லைனையும் அந்தப் போர்டின் பத்தாவது லைனையும் பின்புறம் இரண்டு துண்டு ஒயரால் இணைத்தால் போதும். அதன் வழியாக எந்தப் போர்டிலிருந்தும் மற்றதற்குப் போகலாம். ஒரே ஆள் இரண்டையும் சமாளிக்கலாம். ஒயர் என் மேசை டிராயரிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போகிற பட்டியலில் மச்சான் பெயர் இருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர். முன்னால் போனவர்கள் யாரும் திரும்பியிருக்கவில்லை.

"ஏதாச்சும் பண்ணுடா தம்பி. ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

மறுநாள் காலையில் துரை வந்து, "சுடா சியாப்?" என்றார். முடிந்ததா என்று மலாயில் கேட்டார். நான் பிளக்கைத் துளையில் வைத்து அழுத்திக் காட்டினேன்.

"டாக் போலே, துவான். டுவா ஓராங்."

முடியாது, இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் சேதியைக் கேட்டு வாயால் சொல்ல, மற்றவன் தன் போர்டில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். துரை தானே மூன்று முறை பிளக்கைக் குத்திப் பார்த்துவிட்டு, ஆளை நீயே சொல் என்றார். என் மச்சானுக்கு இந்த வேலை தெரியும் என்றேன். பால்மரம் வெட்டிப் பால் எடுப்பதைத் தவிர மச்சானுக்கு ஒரு வேலையும் தெரியாது. துரை பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்.

பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று என்றுதான் நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான். அடுத்த நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி, பன்னிரண்டை நிரப்ப, லயத்தில் மச்சான் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு லாரியில் ஏறினார். எனக்கு வெட்கமாக இருந்தது. மச்சான் தப்பினாரே என்று நிம்மதியாகவும் இருந்தது.

ஜப்பான்காரன் போகும்வரையும் போனபிறகும் நானும் மச்சானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டுக்காரர் திரும்பவில்லை. சண்டை முடிந்தபின் அவர் மனைவிக்கு ஆபீசில் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள்.

ஒருநாள் சுங்கை பட்டாணியிலிருந்து டெலிபோன் ஒயர்மேன் வந்தார். போர்டுகளின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு ஒயர் கேட்டார். டிராயரைக் காட்டினேன். பத்து நிமிஷ வேலை.

"இத டிராயர்ல வச்சிக்கிட்டா ரெண்டு பேரும் தொண்ட கிழியக் கத்துனீங்க? ஒரு ஆளு போதும்லா."

ஆபீசைக் கூட்டிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரரின் மனைவி கூட்டுவதை நிறுத்தினார்.

"அப்பவே ஒரு ஆளு போதுமா, தம்பி?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போனார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இரண்டாவது நாற்காலிக்கு இனி வேலையில்லை. ஆபீசை மச்சான்தான் கூட்டினார்.