கொண்டலா, கச்சானா

சைக்கிளைப் பூட்டுமுன் கிளமென்ட் அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிடுவார். எங்கள் ஐஸ் பிளான்ட் கூரையில், மூங்கில் கழி நுனியில், ஒரு சேலைக் கிழிசல் பறக்கிறது. அது மேற்கே நீண்டால் கடற்காற்று, கொண்டல். கிழக்கே நீண்டால் மேல்காற்று, கச்சான். அன்றைய காற்றின் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டுதான் கம்ப்ரஸர் அறைக்குள் போவார்.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் இருக்கிறது பிளான்ட். படகுகளுக்கான ஐஸை உறைய வைப்பது குழாய்களுக்குள் ஓடும் அம்மோனியா. "உள்ள ஓடுதவரைக்கும் அது சாது. வெளிய வந்துட்டா முதல்ல கண்ணத்தான் தேடும்வே" என்பார். கோயிலில் பூசையானாலும் கல்யாணப் பந்தியானாலும் வாசலோரம்தான் அவர் இடம். அவர் மனைவி ஜாய்சி அக்காளுக்கு ஒரே குறை: "எந்தச் சேலையையும் முழுசாப் பழசாக விடமாட்டாவ இவிய. கிழிச்சுக் கொடி கட்டிருதாவ."

போன ஆடியில் ஒரு மத்தியானம் வால்வு சீறியது. மூச்செல்லாம் ஊசி. ஆபத்தென்றால் எங்கள் ஊர்க் கால்கள் தானாகக் கடலுக்குத்தான் போகும். எல்லோரும் கிழக்கே பாய்ந்தோம். வாயுவும் எங்களோடே வந்தது.

"கடலுக்குப் போகாதியலே! கச்சான் அடிக்கு! சுத்திக்கிட்டு மேக்க ஓடுங்க!"

அண்ணாச்சியின் குரல். திரும்பி ஓடினோம். அவர் மட்டும் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார்.

எங்களுக்கு இருமலோடு போயிற்று. அவருக்குக் கண்ணில் பட்டுவிட்டது. "கசக்காதிய, தண்ணிய ஊத்துங்கன்னு எல்லாத்துக்கும் சொல்லிட்டு நானே கசக்கிட்டம்வே" என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்கட்டுக்குக் கீழே சிரித்தார். பார்வை திரும்புமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

கட்டு அவிழ்த்த காலையில் ஜாய்சி அக்காள் ஜெபமாலையோடு அவர் முகத்துக்கு நேராக நின்றார். "என்ன தெரியுது?" என்றார் டாக்டர். சிவந்த கண்கள் பையத் திறந்தன. அக்காளைத் தாண்டி ஜன்னலுக்குப் போயின. எதிர் மாடியில் துணிகள் படபடத்தன. வெயில் வரும் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கச்சான்" என்றார்.

"கட்டுன பொண்டாட்டி முன்னால நிக்கேன், காத்தப் பாக்காவளே!" அழுதுகொண்டே திட்டினார் அக்காள். டாக்டர் சிரித்துவிட்டார்.

அண்ணாச்சி கையை நீட்டி அக்காளின் முந்தானை நுனியைப் பிடித்தார். எவ்வளவு பழசென்று, விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.