கடைப் பேர் போட்ட உப்பு

அக்காவுக்கு மாதம் நிறையாமலே குழந்தை பிறந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது கிடந்த நாட்களில், வெளியே வராண்டாவில் உட்கார்ந்தபடியே அம்மா நேர்ந்துகொண்டாள். பிள்ளை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால், புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு வருகிற சனங்களுக்கு ஓர் அண்டா புளியோதரை தருவதாக. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மலைமேல் பெருமாள் நிற்கும் திருவண்ணாமலை. பிள்ளை வந்து சேர்ந்தான். தொட்டிலில் கிடந்து அழுதே தெருவைக் கூட்டினான். ஆனாலும் நேர்ந்தது தீரும்வரை அம்மாவுக்கு நிம்மதி இல்லை. "குறை வச்சுட்டா பிள்ளைக்கு ஆகாதுலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சோறு கொடுப்பதில் என்ன குறை வந்துவிடும் என்று நான் நினைத்தேன். நான் வாங்கி வந்த பையிலேயே அது வரப் பார்த்தது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் அலுவலகத்தில் வேலை. சம்பளம் வரத் தொடங்கியதும் சாமான் வாங்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. தெருமுனைக் கடையை விட்டுவிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே கண் மட்டத்தில் டிவியில் வருகிற பிராண்டுகள் வரிசையாக நிற்கும். கீழ்த்தட்டில், குனிந்தால்தான் தெரிகிற இடத்தில், கடையே தன் பேர் போட்டு விற்கிற பாக்கெட்டுகள். விலை கண்ணில் படுகிற அளவுக்குக் குறைவு. நான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டையும் திருப்பித் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் வாசிப்பேன். பாதி நேரம் இரண்டிலும் ஒரே சரக்குதான் எழுதியிருக்கும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ருசி அல்ல காரணம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பெருங்காயம் என்றால் மஞ்சள் டப்பா, மிளகாய்த்தூள் என்றால் சேலை கட்டின பெண் படம், டீத்தூள் என்றால் சிவப்புப் பாக்கெட். அப்படித்தான் அவள் சாமானை அடையாளம் வைத்திருந்தாள். கடைப் பேர் போட்டதில் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைக் காகிதம், ஒரே பச்சைக் கோடு. ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள்.

"இதுல எது வெந்தயம், எது கடுகுன்னு எனக்கு எப்பிடிலே தெரியும்? நீ மில்லுக்குப் போயிட்டா நான் யார்ட்ட போயி வாசிக்கச் சொல்ல?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் பழைய டப்பாக்களில் கொட்டி வைத்தேன். மஞ்சள் டப்பாவுக்குள் கடைப் பெருங்காயம் போனது. அம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பிறகு அம்மா, அப்பா, நான் என்று மூன்று பேரும் ஒவ்வொன்றாக ருசி பார்த்தோம். துவரம்பருப்பு கடையுடையதே சீக்கிரம் குழைந்தது. நல்லெண்ணெயில் வித்தியாசமே இல்லை. பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. டீத்தூளில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு டம்ளரில் இரண்டு டீயைப் போட்டு, எது எதென்று சொல்லாமல் அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"ஏலே, இது டீத்தூளா, மரப்பட்டறையில அள்ளிட்டு வந்ததா?"

அதோடு டீ மட்டும் பழைய பிராண்டுக்கே திரும்பிப் போனது. மற்றதெல்லாம் நிலைத்துவிட்டது. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அம்மாவுக்கும் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

புரட்டாசி வந்தது. புளியோதரைக்குச் சாமான் வாங்கப் போகும்போது அம்மா வாசலில் நிறுத்தினாள்.

"சாமிக்கு வைக்கிறதுலே. அதுக்குமா கடைப் பேரு போட்டது?"

"பெருமாளு டிவி பாத்துக்கிட்டு இருக்காருன்னா சொல்லுத?" என்றார் உள்ளேயிருந்து அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னமோ, படிச்சவன் வாங்கியா" என்றாள்.

புளி, எண்ணெய், கடலைப்பருப்பு, மிளகாய் வத்தல், பெருங்காயம் என்று வீட்டில் சோதித்துப் பார்த்ததையே வாங்கினேன். கடைசியாக உப்புத் தட்டு வந்தது. உப்பை நாங்கள் சோதித்திருக்கவில்லை. உப்பில் என்ன இருக்கிறது, கரிக்கத்தானே போகிறது என்று கடைப் பேர் போட்ட கல்லுப்பையே எடுத்துப் பையில் போட்டேன். மிச்சம் பிடித்தது ஒரு டீ குடிக்கக்கூடக் காணாது.

சனிக்கிழமை விடியலில் தலைக்குக் குளித்துவிட்டு அம்மா அடுப்பு மூட்டினாள். சாமிக்குப் படைக்கும்வரை புளியோதரையை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் அம்மா அதற்கெல்லாம் அசரமாட்டாள். தெருக் கோயில் பொங்கலுக்கு இப்படி எத்தனையோ அண்டா ஆக்கியிருக்கிறாள். படி அரிசிக்கு இத்தனை கை உப்பு என்று கைதான் அவளுக்கு அளவு. சோறு வெந்து, பெரிய தாம்பாளங்களில் ஆறக் கிடந்தது. புளிக்காய்ச்சல் கொதித்தது. அம்மா உப்புப் பாக்கெட்டைப் பிரித்துக் கையை உள்ளே விட்டவள், அப்படியே நின்றாள்.

"இது என்னலே, இம்புட்டுப் பொடியா இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். கல்லுப்புதான். ஆனால் நாங்கள் எப்போதும் வாங்குவதில் பாதி பருமன்கூட இல்லை. மூடின பாக்கெட்டில் அது எனக்குத் தெரியவில்லை. வீட்டுச் சாடியில் பழைய உப்பு இருந்தது. அது மீன் குழம்புக்குக் கை போட்ட உப்பு, சாமி காரியத்துக்கு ஆகாது. பக்கத்து வீடுகளிலும் அதே கதைதான். கடை திறக்க நேரம் கிடந்தது. பேசி வைத்த லோடு ஆட்டோவோ வாசலுக்கு வந்துவிட்டது.

"செத்த நேரம் பொறு. யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"யோசிக்கிறதை அந்தக் கடையில நின்னு யோசிச்சிருக்கலாம்" என்றார் அப்பா.

பெரிய கல்லாக இருந்தால் கைக்குள் நடுநடுவே இடம் கிடக்கும். பொடிக் கல் இடம் விடாமல் அடையும். அப்படியானால் அதே ஒரு கையில் உப்பு கூடுதலாக ஏறும். அதைச் சொல்லி, "கையைக் கொறச்சுப் போடும்மா" என்றேன்.

"எம்புட்டுக் கொறைக்க?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாலு கை போடுற இடத்துல மூணு போடு" என்றேன். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு அவள் நாலுக்கு மூன்று என்றே அள்ளிப் போட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியெல்லாம் ஆட்டோவின் பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருங்காயமும் நல்லெண்ணெயும் மணத்தன. உப்புக்கு மட்டும் மணம் இல்லையே என்று இருந்தது. உப்புக் கரித்தால் சனங்கள் ஓரமாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதை அம்மா பார்ப்பாள். பிறகு பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தால்கூட அவள் இந்த அண்டாவைத்தான் நினைப்பாள்.

மலையடிவாரத்தில் அக்கா பிள்ளையோடு காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் வீடு. கூட்டம் சொல்லி முடியாது. சிறிய தூக்குவாளியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நான் படியேறினேன். வரிசையில் நின்று, பெருமாள் முன்னால் வைத்து, மேலே துளசியோடு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன். இனிமேல் வாயில் வைக்கலாம். நான் தூக்கைத் திறக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"மொத சாமிக்கு, பொறவு சனத்துக்கு. நாம கடைசியிலதான்."

தூக்கில் இருந்ததை அண்டாவில் சேர்த்துக் கிளறி, தொன்னைகளில் அள்ளி வைக்கத் தொடங்கினாள். நான் நீட்டினேன். நீட்டிய கையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முதலில் வாங்கினவர் தொன்னையோடு நடந்து போய்விட்டார். அடுத்து வந்தவர்களும் அப்படியே. மஞ்சள் சேலை கட்டின ஒரு பெண் ஓரமாக நின்று தின்றவள், பாதித் தொன்னையோடு திரும்பி எங்களிடம் வந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதிய."

அம்மாவின் கரண்டி நின்றது. "சொல்லு தாயி."

"உப்பு ஒரு பொட்டுக் கம்மி. மத்தபடி என்னா மணம்! என்ன பெருங்காயம்க்கா போட்டிய? எங்க மாமியா கையே இதுக்குக் கிட்ட வராது. இன்னொரு தொன்னை குடுங்க, அவியளுக்குக் கொண்டு போறேன்."

கம்மி! அந்த ஒரு சொல் போதும் எனக்கு. கூடினால்தானே கொட்டுவார்கள், குறைந்தால் தின்றுவிடுவார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து அவள் முகத்தில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அப்போதுதான் இளகியது.

"எம் மகன்தான் வாங்கியாந்தான். கடைப் பேரு போட்டதும்மா, விலையும் கம்மி" என்றாள் அந்தப் பெண்ணிடம். "உப்பை மட்டும் வேற வாங்கிக்கோ."

அப்பா இன்னொரு பக்கம் தொன்னை கொடுத்துக்கொண்டே, கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார்: "வாங்க வாங்க, பி.பி. உள்ளவுக தைரியமாத் திங்கலாம். டாக்டரு சொன்ன அளவுக்கு உப்பு."

வெயில் ஏறுவதற்குள் அண்டாவில் கரண்டி தட்டத் தொடங்கியது. அடியில் ஒட்டியிருந்ததை வழித்து அம்மா எங்களுக்கு ஆளுக்கொரு வாய் கொடுத்தாள். உப்பு கம்மிதான். அந்தப் பெண் சொன்ன ஒரு பொட்டுக்கும் கொஞ்சம் கூடவே கம்மி. அக்கா விரலை நக்கிக்கொண்டே, "மிச்சம் ஏதும் இருக்காம்மா?" என்றாள்.

அம்மா அண்டாவைச் சாய்த்துக் காட்டினாள். பிறகு லோடு ஆட்டோ நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, மலையைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டுவிட்டு, "பிள்ளையை எங்கிட்டக் குடுடி" என்று அக்காவிடம் இரண்டு கையையும் நீட்டினாள்.