அற்புதமலர் ரீச்சரின் இருமல்

பாரிஸ் புறநகரான கூசேன்வில்லிலிருந்து சனிதோறும் ரயிலேறி வந்து, நகரின் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடைக்குக் கீழேயுள்ள நிலவறையில் தமிழ் படிப்பித்தவர் அற்புதமலர். மற்ற நாட்களில் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. 2009இல் தொடங்கிய அந்த வகுப்புக்கு ஒரே சட்டம்: வாசலைத் தாண்டினால் பிரெஞ்சு கூடாது. நல்ல சட்டம்தான், போங்கள். பிரெஞ்சில் மட்டுமே பேச்சு வரும் பிள்ளைகள் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ரீச்சர் ஒரு வரி வாசிப்பார். பிள்ளைகள் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வார்கள். கேட்ட பெற்றோர் பூரித்துப் போனார்கள். ரீச்சரும்தான்.

ஒரு மார்கழிச் சனியன்று சுபாங்கி என்ற மாணவியைத் தனியே வாசிக்கச் சொன்னார். மழை இரவில் வீட்டிலிருக்கும் மல்லி என்ற சிறுமியின் கதை. "உள்ளே அம்மா உறங்கினாள்" என்று வாசித்த சுபாங்கி சற்று நிறுத்தி, மெல்ல இருமினாள். பிறகு தொடர்ந்தாள்.

ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார். போன வாரம் இதே வரியை வாசித்துக் காட்டுகையில் அந்த இடத்தில் இருமியது அவர்தான். பக்கத்திலிருந்த கிருஷிகனை வாசிக்கச் சொன்னார். அவனும் அங்கேயே இருமினான். கை நீட்டிப் புத்தகத்தை மூடினார். அவன் குரல் நிற்கவில்லை; மூடிய அட்டையைப் பார்த்தபடியே வாசித்துக்கொண்டு போனான். இத்தனை வருடமும் தன் குரலையே கேட்டு மகிழ்ந்திருக்கிறோம், அந்தக் குரலுக்குள்ளே ஒரு பிள்ளையும் இல்லையோ என்று நினைக்க அவருக்குப் பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சட்டம் போகட்டும் என்று, தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சிலேயே கேட்டார். கதையில் வாசலில் நின்று, "அம்மா வந்திருக்கிறேன், கதவைத் திற" என்று கூப்பிடுவது யார்?

அம்மா என்றான் கிருஷிகன் பிரெஞ்சில். அப்படியென்றால் அம்மா எங்கே போயிருந்தாள் என்று கேட்டார். வேலைக்கு என்றது ஒரு பிள்ளை. கடைக்கு என்றது இன்னொன்று. நிலவறை முதன்முறையாக இரைச்சலானது. புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டித் தேடினார்கள். ஒரு வரியில் சுபாங்கியின் விரல் நின்றது.

"அம்மா உள்ளுக்கை படுத்திருக்கிறா," என்றாள் சுபாங்கி, தமிழில். முகம் வெளிறியிருந்தது. "அப்ப வெளியிலை ஆர்?"

நரி என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. யாரும் புரட்டவில்லை.

வகுப்பு முடியும் அந்த நேரம் பார்த்து நிலவறைக் கதவு தட்டப்பட்டது. "சுபாங்கி, அம்மா வந்திருக்கிறன். கதவைத் திற."

சுபாங்கி ரீச்சரின் கையை இறுகப் பிடித்தாள். "திறக்காதேங்கோ ரீச்சர்."

பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்ற சந்தோசத்தில் அற்புதமலருக்குக் கண் கலங்கியது. எழுந்துபோய்த் திறக்கத்தான் அவருக்கும் கால் வரவில்லை.